ஒரு கமாவைச் சுற்றி 11 கமென்ட்

சப்டைட்டில் ஃபைல்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். மொத்தமே 11 ஆயிரம் வரிதான். கூடப் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டு பேர். மூவருக்கும் இது சம்பளமில்லாத வேலை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்வது.

2021-ல் புதிதாக ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (தான் எழுதிய மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள்) அனுப்பினார். பிரவுசர் படிக்கும் வெப்விடிடி என்ற சப்டைட்டில் வடிவத்தில் எழுதித் தரும் வசதி. நாங்கள் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த வேலை, கேட்காமலே ஒருவர் எடுத்துச் செய்திருக்கிறார். அவருக்கு நாங்கள் கொடுத்த வரவேற்பு 14 ரிவ்யூ கமென்ட். பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அதில் 11, இடைவெளி, மேற்கோள் குறி, வரி நீளம் இவற்றைப் பற்றியவை. முட்டையில் மயிர் பிடுங்கியிருக்கிறோம். அந்த 11-ல் ஒன்று நான் போட்டது: "நம் ப்ராஜெக்டில் ஒற்றை மேற்கோள்தான் வழக்கம், மாற்றிவிடுங்கள்." அவர் "," என்று எழுதியிருந்ததை ',' என்று மாற்றினார், பாவம். எங்கள் கோடோடு சேர்த்து மெர்ஜ் செய்தோம். ரிலீஸும் போட்டோம்.

இரண்டாம் நாளே இஷ்யூ வந்துவிட்டது: மாற்றிய ஃபைலைப் போட்டால் பிரவுசரில் ஒரு வரி சப்டைட்டில்கூட வரவில்லை.

எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் வடிவத்தில் நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே கமா வரும், 00:01:02,500 என்று. வெப்விடிடியில் அந்த இடத்தில் புள்ளிதான் வரவேண்டும், 00:01:02.500 என்று. கமா இருந்தால் பிரவுசர் அந்த நேரக்குறியைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எரர்கூடக் காட்டாது. டெஸ்ட் எழுதியவரும் அவரே என்பதால் டெஸ்டிலும் கமாதான், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கமாவுக்கு இரண்டு பக்கமும் இருந்த மேற்கோளை நான் உற்றுப் பார்த்தேன். நடுவில் இருந்த கமாவைப் பார்க்கவில்லை.

மூவரில் மூத்தவர் ஒரு அக்கா. நேரில் பார்த்ததில்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குச் சாட்டில் ஒரே வரிதான் எழுதினார்: "தம்பி, இனிமே மேற்கோள் குறியைப் பத்திப் பேசுற வேலையை மெஷின்கிட்ட குடுத்துடலாம்."

சரி என்று, இடைவெளி, மேற்கோள், வரி உடைப்பு எல்லாவற்றையும் தானே ஒரே மாதிரி ஆக்கும் ஃபார்மேட்டர் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன்.

நான் முதலில் கையில் எடுத்தது யாப்ஃப். கூகுளில் 2015-ல் வெளியானது. சி பிளஸ் பிளஸ் உலகத்தின் கிளாங்-ஃபார்மேட் எந்த யோசனையில் ஓடுகிறதோ அதே யோசனை. ஒவ்வொரு இடத்திலும் வரியை உடைத்தால் இவ்வளவு அபராதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். ஒரு கூற்றை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று தேடி, மொத்த அபராதம் குறைவாக வரும் வழியைப் பிடிக்கும். அழகான யோசனை. எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம்: அந்த அபராதங்களை நாமே மாற்றலாம். அதாவது என் கை எழுதும் விதத்தையே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்து, மற்றவர்கள்மேல் மெஷின் பெயரைச் சொல்லித் திணிக்கலாம். அப்போது இப்படி நினைக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் உண்மை.

மூன்று சனி ஞாயிறு போனது. பழைய கோடு எங்கெல்லாம் மாறுகிறது என்று பார்ப்பது, ஒரு எண்ணைக் கூட்டுவது, மறுபடி ஓட்டுவது. ஓர் இடத்தில் அடைப்புக்குறியை என் இஷ்டத்துக்கு உடைக்க வைத்தால், நான்கு ஃபைல் தள்ளி எங்கோ ஒரு டிக்‌ஷனரி கோணிக்கொள்ளும். கான்ஃபிக் ஃபைல் 40 வரியைத் தொட்டது. அதைப் புல் ரிக்வெஸ்டாகப் போட்டேன். மூன்றாவது ஆள் வந்து, முதல் ஆர்க்யுமென்டுக்கு முன்னால் வரியை உடைக்கும் செட்டிங்கை மாற்றச் சொன்னார். நான் ஏன் கூடாது என்று நீளமாக எழுதினேன். அவர் இன்னும் நீளமாகப் பதில் போட்டார். நாம் கோடு போட்டால் அடுத்தவர் ரோடே போடுவார் என்பது இதுதான் (இங்கே கோடு என்றால் கோடுதான், பைத்தான் இல்லை).

அக்கா ஒரு நாள் கழித்து வந்தார். "இந்த கான்ஃபிக் ஃபைலுக்கே ஒரு ஃபார்மேட்டர் வேணும்போல இருக்கே தம்பி."

அப்புறம்தான் உறைத்தது. மேற்கோள் சண்டை தீரவில்லை. கோடிலிருந்து கான்ஃபிக்குக்குக் குடி மாறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கோடில் நடக்கும் சண்டை அந்த ஒரு புல் ரிக்வெஸ்டோடு முடிந்துவிடும். கான்ஃபிக்கில் நடக்கும் சண்டையில் ஜெயித்தால் மொத்த ரெப்போவும், அதாவது ப்ராஜெக்டின் மொத்தக் கோடும், நம் கையில். அதனால் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆட்டோபெப்8 என்று ஒன்று உண்டு. பைத்தானின் பொது நடைக் கையேடான பெப் 8-ன் விதியை மீறிய இடங்களை மட்டும் திருத்தும், மற்றதைத் தொடாது. தொல்லையில்லாத ஆள். ஆனால் எங்கள் சண்டையில் பாதி, பெப் 8 வாயே திறக்காத இடங்களில் நடந்தது. ஒற்றை மேற்கோளா இரட்டையா என்பதற்கு பெப் 8 சொல்வது, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு வந்து "நீங்களே பேசி முடிச்சுக்கோங்க" என்று எழுந்து போன மாதிரி.

மிச்சம் இருந்தது பிளாக். எனக்கு அதைப் பிடிக்காது. இரட்டை மேற்கோள்தான் போடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஷிஃப்ட் அழுத்தச் சோம்பல். வரி நீளம் 88. இது என்ன கணக்கு என்று எரிச்சலாக இருந்தது. 80-க்கு மேல் பத்து சதவீதம் விட்டால் ஃபைல்கள் கணிசமாகக் குட்டையாகின்றன என்று அவர்கள் ஆவணத்திலேயே விளக்கம் இருக்கிறது. செட்டிங் என்று மாற்றுவதற்கு விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். மேற்கோளைத் தொடாதே என்று சொல்ல ஒரு வழி உண்டு, ஆனால் பழைய ப்ராஜெக்டுகள் மாறி வருவதற்காக வைத்த வாசல் அது.

2022 ஜனவரி கடைசியில் பிளாக்கின் முதல் ஸ்டேபிள் ரிலீஸ் வந்தது. அதுவரை நான்கு வருடமாக பீட்டா என்றே இருந்தது. அடுத்த சில நாட்களில், பிப்ரவரியில், பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோ தன் மொத்தக் கோடையும் பிளாக்கில் போட்டு எடுத்தது. அத்தனை பெரிய, அத்தனை வருட ரெப்போவே செய்யும்போது 11 ஆயிரம் வரியை வைத்துக்கொண்டு நான் என்ன அலட்டிக்கொள்வது என்று தோன்றியது. மூவரிடமும் ஒரே கேள்வி: பிளாக்கை யாருக்காவது பிடித்திருக்கிறதா? ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதுதான் அதற்குப் பெரிய தகுதியாகப் பட்டது. யாருடைய நடையும் ஜெயிக்கவில்லை. டிஃபால்ட்டிலேயே விட்டோம். 88-ஐ 100 ஆக்கலாமா என்று மூன்றாவது ஆள் கேட்டபோது அக்கா பதிலே போடவில்லை.

என் பயம் வேறொன்று. மெஷின் 11 ஆயிரம் வரியைக் கலைத்துப் போட்டால் எங்காவது கோடின் அர்த்தமே மாறிவிடாதா? பிளாக் தானாகவே ஒரு சோதனை செய்கிறது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கோடைப் படித்து அதன் இலக்கண அமைப்பை மரமாக்கி, இரண்டு மரமும் சமம்தானா என்று ஒப்பிடும். சமமில்லை என்றால் ஃபைலைத் தொடாமல் எரர் சொல்லும். இது தெரிந்தபிறகுதான் தூக்கம் வந்தது.

ஃபார்மேட்டரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைகூட இல்லை. அதை ஓட்டும் நாள்தான் வேலை. நாங்கள் மூன்று கமிட்டாக, அதாவது கோடின் வரலாற்றில் மூன்று தனித்தனிப் பதிவாக, பிரித்தோம். முதல் கமிட்டில் கான்ஃபிக் மட்டும். இரண்டாவதில் மெஷின் செய்தது மட்டும், மனிதக் கை ஓர் எழுத்துகூட இல்லை. இது ரொம்ப முக்கியம். "அப்படியே இந்தச் சின்ன பக்கையும் சரிசெய்துவிட்டேன்" என்று ஒரு வரி உள்ளே நுழைந்தால், ஆயிரக்கணக்கான வரி மாறிய கமிட்டில் அதை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாவது கமிட்டில், கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார் என்று காட்டும் பிளேம் கட்டளை, இந்தக் கமிட்டைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் ஃபைல்.

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மொத்தக் கோடையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்தால், எந்த வரிக்கு பிளேம் பார்த்தாலும் என் பெயர்தான் நிற்கும். யார், எப்போது, எதற்காக எழுதினார் என்ற தடயம் போச்சு. இதற்காகவே கிட்டில் 2.23 பதிப்பிலிருந்து, அதாவது 2019 ஆகஸ்டிலிருந்து, சில கமிட்டுகளை பிளேம் தாண்டிப் போகும்படி சொல்ல முடியும். கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹாஷை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, அந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்று கிட் கான்ஃபிக்கில் ஒருதரம் சொல்லிவிட வேண்டும். இந்த கான்ஃபிக் ரெப்போவோடு போகாது. அவரவர் தன் மெஷினில் செய்துகொள்ள வேண்டும். ஃபைலுக்கு வழக்கமான பெயரை வைத்து ரெப்போவின் வேரில் போட்டால் கிட்ஹப் தானே எடுத்துக்கொள்ளும்.

இதில் நான் சறுக்கினேன். ஃபார்மேட் செய்த பிராஞ்சிலேயே (மெயின் கோடிலிருந்து பிரிந்த தனிக் கிளை) அதன் ஹாஷையும் எழுதி, மூன்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டாக ஸ்குவாஷ் மெர்ஜ் செய்துவிட்டேன். ஸ்குவாஷ் என்றால் எல்லாக் கமிட்டையும் ஒன்றாக நசுக்குவது; புது கமிட், புது ஹாஷ். நான் எழுதி வைத்த ஹாஷ் மெயின் பிராஞ்சின் வரலாற்றிலேயே இல்லை. பார்த்துப் பார்த்துப் பிரித்த மூன்று கமிட்டும் ஒன்றாகியும் போனது. ஒரு மணி நேரம் பிளேம் ஏன் என் பெயரையே காட்டுகிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வேறு யாரும் மேலே ஒன்றும் மெர்ஜ் செய்திருக்கவில்லை. மெயினைப் பின்னுக்கு இழுத்து, முதல் இரண்டை ஸ்குவாஷ் இல்லாமல் தனித்தனியாக ஏற்றி, அதன்பிறகு மெயினில் இருக்கும் ஹாஷைப் பார்த்து மூன்றாவதைப் போட்டேன்.

அப்போது திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட் ஒன்பது. ஒவ்வொன்றும் தலை முதல் கால் வரை கான்ஃபிளிக்ட், ஒரே வரியை இரண்டு பக்கமும் வேறுவேறாக மாற்றியதால் வரும் மோதல். வெளியாட்கள் ஒன்பது பேரிடம் "நாங்கள் அழகு பார்த்தோம், நீங்கள் கான்ஃபிளிக்ட் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. பராமரிப்பவர்கள் பிராஞ்சைத் திருத்தலாம் என்று எல்லாரும் டிக் போட்டு வைத்திருந்ததால் நானே உட்கார்ந்தேன். வழி இதுதான்: அவர்கள் பிராஞ்சில், ஃபார்மேட் கமிட்டுக்கு ஒரு படி முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்வது. நிஜமான கான்ஃபிளிக்ட் ஏதும் இருந்தால் இங்கேயே தெரியும். பிறகு அதே பிராஞ்சில் பிளாக்கை ஓட்டி கமிட். பிறகு ஃபார்மேட் கமிட்டை "எங்கள் பக்கமே சரி" என்ற உத்தியில் மெர்ஜ். இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஃபார்மேட் ஆனதுதான் என்பதால் எதுவும் தொலையாது. கடைசியாக மெயினை வழக்கம்போல மெர்ஜ். இரண்டு பிராஞ்சில் பழகியபின் மற்றது ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்.

வேறு ப்ராஜெக்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்த ஒரு ஃபைலை மட்டும் பிளாக் தொடாதபடி விலக்கினோம். அங்கிருந்து நாளைக்குத் திருத்தம் வந்தால் பேட்ச் ஒட்ட வேண்டுமே.

வலித்த இடம் ஒன்றே ஒன்று. டெஸ்ட் ஃபைலில் மில்லிநொடியை நேரக்குறியாக மாற்றும் அட்டவணை ஒன்றை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கி வைத்திருந்தேன்:

(      0, '00:00:00,000'),
(    999, '00:00:00,999'),
(  60000, '00:01:00,000'),
(3600000, '01:00:00,000'),

பிளாக் அதை இப்படி ஆக்கியது:

(0, "00:00:00,000"),
(999, "00:00:00,999"),
(60000, "00:01:00,000"),
(3600000, "01:00:00,000"),

தப்பில்லை. ஆனால் மேலே உள்ளதில் ஓர் எண் குறைந்தால் கண்ணுக்கு உடனே உறுத்தும், கீழே உறுத்தாது. இதற்கென்றே ஃபார்மேட்டரை நிறுத்திவைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அந்த அட்டவணைக்கு மேலும் கீழும் போட்டேன். ஒரு வருடத்தில் அந்தக் குறிப்பு ஏழு இடத்தில் முளைத்திருந்தது. அட்டவணை என்றால் நியாயம். மீதி ஆறும், "இங்கே என் நடைதான் நன்றாயிருக்கிறது" என்று மூவரும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டவை. அதில் நான்கு என்னுடையவை. அக்காவே உட்கார்ந்து ஆறையும் அழித்தார்.

புதியவர்களுக்கு எப்போதும் புரியாதது கடைசிக் கமா. ஒரு ஃபங்ஷனுக்கு நான்கு ஆர்க்யுமென்ட். கடைசி ஆர்க்யுமென்டுக்குப் பிறகும் ஒரு கமா இருந்தால் பிளாக் வரிக்கு ஒன்றாக நான்கையும் விரித்தே வைக்கும், ஒரே வரியில் இடம் இருந்தாலும். கமாவை எடுத்துவிட்டால், இடம் இருக்கும்பட்சத்தில் ஒரே வரியாக மடக்கிவிடும். "ஃபார்மேட்டர் ஒரே கோடை இரண்டு விதமாக எழுதுகிறது, பக்" என்று எங்களிடம் இஷ்யூ வந்திருக்கிறது. எனக்கு இது பிடித்துப்போனது. மனிதனுக்கென்று அவர்கள் விட்டுவைத்த ஒரே உரிமை அந்தக் கமா.

நடைப் பிழைகளைச் சுட்டிக்காட்டும் ஃபிளேக்8-ஓடு ஒரு கூத்து நடந்தது. லிஸ்டிலிருந்து ஒரு துண்டை வெட்டும்போது எல்லைகள் கொஞ்சம் சிக்கலாக இருந்தால் பிளாக் முக்காற்புள்ளிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடும். ஃபிளேக்8 வந்து, முக்காற்புள்ளிக்கு முன் ஏன் இடைவெளி என்று இ203 எரரைக் காட்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கத்தும். மாமியார் மருமகள் நடுவில் மாட்டிய கதை. இ203-ஐ நிறுத்திவிடுங்கள் என்று பிளாக் ஆவணமே சொல்கிறது. அதைப் படிக்காமல் ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன்.

2024 ஜனவரியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லாப் புல் ரிக்வெஸ்டும் சிவப்பு. யாரும் எதையும் மாற்றவில்லை. பிளாக் தன் நடையை வருடத்துக்கு ஒருமுறை, வருடத்தின் முதல் ரிலீஸில் மாற்றும். மற்ற மாதங்களில் மாற்றாது. அது அவர்கள் எழுதி வைத்த விதி. அந்த வருடம், ஃபைலின் தொடக்கத்தில் வரும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு காலி வரி வேண்டும் என்பது புது விதிகளில் ஒன்று. புல் ரிக்வெஸ்டுகளைத் தானாகச் சோதிக்கும் எங்கள் சிஐ ஒவ்வொரு தடவையும் புத்தம்புது பிளாக்கை இறக்கிக்கொண்டிருந்தது. பதிப்பைப் பூட்டி வைக்காதது என் தப்பு. அன்று எழுத்துப்பிழை திருத்த வந்த ஒருவர், தான் தொடாத 30 ஃபைலுக்குத் திட்டு வாங்கினார். அன்றோடு பதிப்பைப் பூட்டினேன். வருடத்துக்கு ஒருநாள் நானே திறந்து, புதிதை ஓட்டி, அந்த ஹாஷையும் பிளேம் ஃபைலில் சேர்த்துவிடுகிறேன்.

சிஐ சிவப்பாக இருந்தால் வெளியாள் வந்து சரிசெய்யட்டும் என்று முதலில் வைத்திருந்தோம். கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஹூக்கை நிறுவச் சொல்லி வழிகாட்டியில் எழுதினோம். பாதிப் பேர் நிறுவவில்லை, அவர்கள்மேல் தப்பும் இல்லை. ஒரு வரியைத் திருத்த வந்தவரிடம் முதலில் இதை நிறுவு என்பது எப்படி? இப்போது மெர்ஜ் செய்பவரே அவர் பிராஞ்சில் ஓட்டி கமிட் செய்துவிடுகிறோம். ஹூக் மூன்று பேர் மெஷினில் மட்டும்.

அதே வருடம் ரஃப் என்ற கருவிக்கு மாறினோம். ரஸ்ட் மொழியில் எழுதியது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் என்பார்கள். 11 ஆயிரம் வரிக்கு வேகம் ஒரு பொருட்டா? பிளாக், ஃபிளேக்8, இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் ஐசார்ட் என்று மூன்றுக்கு மூன்று கான்ஃபிக் வைத்திருந்தது ஒன்றானது; அதற்காகத்தான். நடை பிளாக்கினுடையதே, பிளாக்கில் ஓடிய ப்ராஜெக்டுகளில் 99.9 சதவீதத்துக்கு மேல் வரிகள் அப்படியே இருக்கும் என்று அவர்கள் சொல்வது எங்களுக்கும் சரியாகவே வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்: ரஃப்பின் ஃபார்மேட் கட்டளை இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தாது. அது பிழைகளைச் சுட்டிக்காட்டும் லின்டர் பக்கத்து வேலை, தனியாக ஓட்ட வேண்டும்.

போன வாரம் வேறெதற்கோ அந்த வெப்விடிடி ஃபைலைத் திறந்தேன். கிட் லாகில் ஒரே ஒரு வரியின் வரலாற்றை மட்டும் பார்க்கும் வசதி உண்டு. அந்த நேரக்குறி வரிக்கு அதை ஓட்டிப் பார்த்தேன். மேற்கோளும் உள்ளே இருப்பதும் மட்டும், பழையதிலிருந்து புதியது வரை:

","
','
'.'
"."

முதலாவது அவர் எழுதியது. இரண்டாவது, அவரை நான் மாற்றச் சொன்னது. மூன்றாவது, பக் வந்தபின் நான் போட்டது. நான்காவது பிளாக். மேற்கோள், அவர் முதலில் எழுதிய இரட்டைக்கே திரும்பியிருக்கிறது.

இதை அப்படியே நகலெடுத்து அவருடைய அந்தப் பழைய புல் ரிக்வெஸ்டின் அடியில், என் கமென்டுக்குப் பதிலாகப் போட்டேன். ராத்திரி கட்டைவிரல் ஒன்று வந்திருந்தது.